ஃபைனான்ஸ் லீஸா ஆபரேட்டிங் லீஸா: கடைசியில் மிஞ்சும் மதிப்பு யாருடைய கவலை?

கேள்வி இதுதான். 10 லட்சம் மதிப்புள்ள ஒரு இயந்திரம், 5 வருட லீஸ், நடுவில் ரத்து செய்ய முடியாது, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 2,40,000 வாடகை. இயந்திரத்தின் ஆயுள் 7 வருடம், லீஸ் முடிந்ததும் கொடுத்தவரிடமே திரும்பிப் போய்விடும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ஆபரேட்டிங் லீஸ், அதாவது வெறும் வாடகை, என்று அச்சடித்திருக்கிறது, ஆடிட்டரோ இது ஃபைனான்ஸ் லீஸ், அதாவது கடனில் வாங்கியதற்குச் சமம், என்கிறார். உரிமையே கைமாறாதபோது அது எப்படி என்பது முதல் கேள்வி. மூன்றாம் வருடத்தில் லீஸ் காலத்தை மாற்றினால் மறுபடி வகைப்படுத்த வேண்டுமா என்பது இரண்டாவது.

ஆடிட்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் போகும் முன் நீங்கள் எழுதாமல் விட்ட இரண்டு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: நீங்கள் இயந்திரத்தை லீஸுக்கு எடுத்தவரா கொடுத்தவரா, எந்தக் கணக்கியல் தரத்தின்படி கணக்கு எழுதுகிறீர்கள்? இது தெரியாமல் கணக்குப் போட ஆரம்பித்து, இரண்டு நாள் கழித்து இந்தச் சோதனையே நமக்குத் தேவையில்லை என்று கண்டுபிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லீஸுக்கான சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 16 பின்பற்றும் நிறுவனம், லீஸ் எடுத்தவர் என்றால் ஃபைனான்ஸா ஆபரேட்டிங்கா என்ற பிரிவினையே கிடையாது. 2016 ஜனவரியில் வந்த அந்தத் தரம் 2019 ஜனவரி 1 முதல் அமலானது, அதோடு எடுத்தவர் பக்கத்தில் இரண்டு பெட்டிகளும் ஒன்றாகிவிட்டன. 12 மாதத்துக்கு மேற்படாத லீஸ், புதிதாக வாங்கினாலும் மிகக் குறைந்த விலையே ஆகும் சாமான்களின் லீஸ் ஆகியவற்றை வேண்டுமானால் விட்டுவிடலாம், மற்ற எல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். இந்தியாவில் இதே பாடத்தைக் கொண்ட இந்த் ஏஎஸ் 116, 2019 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொடுத்தவருக்கு மட்டும், இதற்கு முன்பிருந்த சர்வதேசத் தரமான ஐஏஎஸ் 17இல் இருந்த பிரிவினை கிட்டத்தட்ட வரிக்கு வரி அப்படியே தொடர்கிறது. அமெரிக்கத் தரமான ஏஎஸ்சி 842 வேறு வழியில் போனது: 12 மாதத்துக்கு மேற்படாதவை தவிர மற்ற எல்லா லீஸையும் எடுத்தவர் பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற வேண்டும், ஆனால் செலவு எந்த வருடத்தில் எவ்வளவு விழும் என்பதற்காக ஃபைனான்ஸ், ஆபரேட்டிங் என்ற பிரிவும் இருக்கும். இந்த் ஏஎஸ் வரம்புக்குள் வராத இந்திய நிறுவனங்களுக்கு இன்னமும் பழைய இந்தியத் தரமான ஏஎஸ் 19 தான், அதில் இரு பக்கமும் வகைப்படுத்தியாக வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான ஐஎஃப்ஆர்எஸ் தரத்திலும் அப்படித்தான்.

சரி, உரிமை மாறாமல் எப்படி ஃபைனான்ஸ் லீஸ் ஆகும்? பத்திரத்தில் பெயர் யாருக்கு என்பதைத் தரம் கேட்கவே இல்லை. அந்தச் சொத்தை வைத்திருப்பதால் வரும் லாப நஷ்டம் ஏறக்குறைய முழுவதும் யார் பக்கம் போய்விட்டது என்பதுதான் அதன் கேள்வி. இயந்திரம் சும்மா கிடந்தால் யாருக்கு நஷ்டம், புது மாடல் வந்து பழையது விலை போகாமல் போனால் யாருக்கு நஷ்டம், அது ஓடிச் சம்பாதிப்பது யாருக்கு, கடைசியில் நல்ல விலைக்குப் போனால் யாருக்கு லாபம்? இதெல்லாம் எடுத்தவர் பக்கம் போய்விட்டது என்றால், நடந்திருப்பது வாடகை வியாபாரமே இல்லை. கொடுத்தவர் கடன் கொடுத்திருக்கிறார், எடுத்தவர் கடனில் வாங்கியிருக்கிறார், பத்திரத்தில் மட்டும் வாடகை என்று எழுதியிருக்கிறது.

நான் எந்த லீஸைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கடைசி நாளில் அந்தச் சொத்து எவ்வளவுக்குப் போகும் என்று கவலைப்பட வேண்டியவர் யார்? கொடுத்தவர் உண்மையாகவே கவலைப்பட வேண்டியிருந்தால் அது ஆபரேட்டிங் பக்கம் சாயும். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவர் போட்ட பணமும் வட்டியும் வாடகையிலேயே வந்துவிட்டது என்றால் ஃபைனான்ஸ். தரத்தில் உள்ள எல்லா அடையாளங்களும் இந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு வாகன லீஸ். மூன்று வருடம், முகப்பில் ஆபரேட்டிங் லீஸ், வாங்கும் வாய்ப்பு இல்லை, உரிமை மாறாது, வாகனத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் காலமும் குறைவு. ஒப்பந்தத்தின் உடல் முழுக்கப் படித்துவிட்டு ஆபரேட்டிங் என்றே குறித்துவைத்தேன். அப்புறம் பின்னால் கோத்திருந்த இணைப்பைப் புரட்டினால், வண்டி எண்களும் சேஸிஸ் எண்களும் போட்ட பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு பத்தி: லீஸ் முடிந்ததும் வண்டிகள் விற்கப்படும், விற்ற தொகை பட்டியலில் குறித்த தொகைக்குக் குறைந்தால் வித்தியாசத்தை எடுத்தவர் கட்ட வேண்டும், கூடினால் கூடியது முழுவதும் எடுத்தவருக்கே. அந்த ஒரு பத்தியில் கதை மாறிவிட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் கொடுத்தவருக்கு ஒரு காசு வித்தியாசம் இல்லை. அன்றிலிருந்து ஒப்பந்தத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். இணைப்பு, தனிக் கடிதம், திருத்த ஒப்பந்தம், கேரண்டிப் பத்திரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். முகப்பில் அச்சடித்த பெயருக்கு வகைப்படுத்துவதில் எந்த மதிப்பும் இல்லை.

இப்போது உங்கள் இயந்திரம். உரிமை மாறுகிறதா? இல்லை. அன்றைக்கு இருக்கக்கூடிய மதிப்பைவிட மிகக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறதா? ஒன்றரை லட்சம் போகக்கூடிய இயந்திரத்தைப் பத்தாயிரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றால் யாரும் விடமாட்டார்கள், அதனால் அது வாங்கியதற்குச் சமம். உங்களுக்கு அதுவும் இல்லை. எடுத்தவருடைய ஆலைக்கென்றே அளவெடுத்துச் செய்த, வேறு யாருக்கும் பயன்படாத இயந்திரமா? நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை, எனவே பொதுவான இயந்திரம் என்றே எடுத்துக்கொள்கிறேன். லீஸ் காலம் ஆயுளின் பெரும்பகுதியா? 7இல் 5, அதாவது 71.4 சதவீதம். பெரும்பகுதி என்றால் எவ்வளவு என்று ஐஎஃப்ஆர்எஸ் எண் சொல்வதில்லை. அமெரிக்க வழக்கத்தில் 75, அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறீர்கள்.

மீதமிருப்பது தற்போதைய மதிப்புச் சோதனை, அதாவது வாடகைகளின் இன்றைய மதிப்பு சொத்தின் மதிப்பில் ஏறக்குறைய முழுவதும் ஆகிறதா என்பது. உங்கள் ஆடிட்டர் பிடித்திருப்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். வருடம் 2,40,000 வீதம் 5 வருடம், 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 9,09,789. இயந்திரத்தின் மதிப்பு 10,00,000. ஆக 91 சதவீதம். கொடுத்தவர் தன் பணத்தில் 91 பங்கை வட்டியோடு வாடகையிலேயே எடுத்துவிடுகிறார், கடைசியில் வரப்போகும் இயந்திரத்தை நம்பி இருப்பது 9 பங்குதான். அந்த 9 பங்கு, அதாவது 90,211, ஐந்து வருடத்தில் 10 சதவீத வட்டியோடு வளர்ந்தால் சுமார் 1,45,300 ஆகும். ஐந்து வருடம் ஓடிய இயந்திரம் 1,45,300க்குப் போகும் என்று அவர் எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம், அந்த எதிர்பார்ப்பு உட்கார்ந்திருப்பதால்தான் வட்டி 10 சதவீதமாக வருகிறது. ஒரு சோதனையில் மாட்டினாலே போதும், எல்லாவற்றிலும் மாட்ட வேண்டும் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை. எனவே 91 சதவீதத்தை ஏறக்குறைய முழுவதும் என்று ஆடிட்டர் எடுத்துக்கொண்டதில் தப்பு இல்லை.

ஆனால் அந்த 10 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேளுங்கள், இங்கேதான் நிறைய வேலை கெட்டுப்போகிறது. கொடுத்தவர் பக்கம் என்றால் லீஸுக்குள்ளேயே புதைந்திருக்கும் வட்டி விகிதம்தான். வாடகையின் இன்றைய மதிப்பும், யாரும் கேரண்டி கொடுக்காத எச்ச மதிப்பின் (லீஸ் முடிவில் சொத்துக்கு மிஞ்சும் மதிப்பின்) இன்றைய மதிப்பும் சேர்ந்தால், சொத்தின் மதிப்பும் அவர் செய்த ஆரம்பச் செலவும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வரும் விகிதம் அது. எடுத்தவருக்கு இந்த விகிதம் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் கொடுத்தவர் கடைசியில் என்ன விலை எதிர்பார்க்கிறார் என்பதை அவர் சொல்லமாட்டார். அப்போது எடுத்தவர் அதே காலத்துக்கு, அதே மாதிரி அடமானத்தில் கடன் வாங்கினால் என்ன வட்டி ஆகுமோ அதைப் பயன்படுத்துவார். அது 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே வாடகை, அதே இயந்திரம், இன்றைய மதிப்பு 8,65,146 ஆகிவிடுகிறது, அதாவது 86.5 சதவீதம். அமெரிக்கத் தரத்தில் 90 என்று கோடு போட்டிருக்கும் எடுத்தவருக்கு இது இப்போது ஆபரேட்டிங். ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இதனால்தான் வட்டி விகிதத்துக்கு ஆதாரம் கேட்காமல் யாராவது கொண்டுவரும் சதவீதத்தை நான் ஏற்பதில்லை. வங்கியின் கடன் கடிதமோ, அதே சமயத்தில் வாங்கிய வேறு கடனின் விகிதமோ கோப்பில் இருக்க வேண்டும்.

இந்த 75, 90 எண்களின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் இன்றைய தரங்கள் இப்படி இருப்பதற்கே அதுதான் காரணம். அமெரிக்காவில் 1976 நவம்பரில் எஃப்ஏஎஸ் 13 என்ற லீஸ் தரம் வந்தபோது நான்கு சோதனைகள் வைத்தார்கள்: உரிமை மாறுவது, மலிவு விலையில் வாங்கும் வாய்ப்பு, ஆயுளில் 75 சதவீதம், மதிப்பில் 90 சதவீதம். எல்லோரும் ஒரே மாதிரி கணக்கு எழுதட்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு ஓரடி இப்பால் நிற்பது எளிது. உங்கள் லீஸிலேயே வாடகையை 2,40,000க்குப் பதில் 2,35,000 என்று எழுதினால் இன்றைய மதிப்பு 8,90,835, அதாவது 89.1 சதவீதம். வருடத்துக்கு 5,000 குறைத்து, அந்தத் தொகையைப் பராமரிப்புக் கட்டணம் என்று தனிக் கடிதத்தில் போட்டுவிட்டால் கடன் முழுவதும் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து மறைந்தது. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பல பத்தாண்டுகள் இப்படி நடந்தது. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்இசி 2005இல் தந்த அறிக்கையில், அங்கே பதிவான நிறுவனங்கள் பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே வைத்திருந்த ஆபரேட்டிங் லீஸ் கடப்பாடு சுமார் 1.25 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டிருந்தது. ஐஎஃப்ஆர்எஸ் 16 வந்தபோது, அந்தத் தரங்களை வகுக்கும் ஐஏஎஸ்பி சொன்ன கணக்கு இன்னும் பெரிது: உலக அளவில் பட்டியலிட்ட நிறுவனங்களின் லீஸ் கடப்பாடு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர், அதில் 85 சதவீதத்துக்கு மேல் பேலன்ஸ் ஷீட்டில் தெரியவில்லை. 2001 முதல் 2011 வரை ஐஏஎஸ்பியின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, தான் ஏறிப் பயணிக்கும் விமானம் அந்த விமான நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டில் இருப்பதைச் சாவதற்குள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று சொன்னது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. வானத்தில் நூறு விமானம் பறக்கும், கணக்கில் பத்துகூட இருக்காது, முதலீட்டாளர் குறிப்புகளைத் தோண்டித் தானே ஒரு குத்துமதிப்பு போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு இது வெறும் கணக்குச் சங்கதியாகத் தோன்றவில்லை. அந்தக் கணக்கை நம்பிக் கடன் கொடுத்தவரும் பங்கு வாங்கியவரும் இருந்தார்கள்.

ஏஎஸ்சி 842 வந்தபோது அந்தக் கோடுகளை விதியிலிருந்து எடுத்துவிட்டு, பெரும்பகுதி, ஏறக்குறைய முழுவதும் என்ற சொற்களை வைத்தார்கள். ஆனால் 75ம் 90ம் ஏற்கத்தக்க அணுகுமுறை என்று வழிகாட்டுதலில் இருக்கிறது, அதனால் பெரும்பாலோர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஎஃப்ஆர்எஸ், இந்த் ஏஎஸ், ஏஎஸ் 19 மூன்றிலும் எண்ணே கிடையாது. அங்கே 89 வந்தால் ஆபரேட்டிங், 91 வந்தால் ஃபைனான்ஸ் என்று எழுதுவது தரத்தைப் படிக்காமல் எழுதுவது. 87 சதவீதம் வந்தாலும் மற்ற அடையாளங்கள் எல்லாம் கடன் பக்கம் காட்டினால் ஃபைனான்ஸ் என்று முடிவெடுக்கலாம், எடுக்கவும் வேண்டும்.

அந்த மற்ற அடையாளங்கள் மூன்று. எடுத்தவர் நடுவில் ரத்து செய்தால் கொடுத்தவருக்கு வரும் நஷ்டத்தை எடுத்தவரே ஏற்பது, எச்ச மதிப்பின் ஏற்ற இறக்கம் எடுத்தவரைச் சேர்வது (என் வாகன லீஸ் இதுதான்), முதல் காலம் முடிந்ததும் சந்தையைவிட மிகக் குறைந்த வாடகையில் தொடர எடுத்தவருக்கு உரிமை இருப்பது. கடைசியதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஐந்து வருடம் முழு வாடகை, அதன்பின் பெயருக்கு ஒரு வாடகையில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் என்று இருந்தால், கொடுத்தவர் அந்தச் சொத்தைத் திரும்பப் பார்க்கவே போவதில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கடைசியில் உரிமை எடுத்தவருக்கு மாறுகிறது என்றாலே ஃபைனான்ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். அன்றைய சந்தை மதிப்பைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் எச்ச மதிப்பின் லாப நஷ்டம் கொடுத்தவரிடமே இருக்கிறது, ஐஎஃப்ஆர்எஸ் 16 இதைப் பெயர் சொல்லியே விதிவிலக்காகக் காட்டுகிறது. வாடகை பெரும்பகுதி விற்பனையில் இத்தனை சதவீதம் என்று இருந்தாலும் அப்படித்தான். விற்பனை படுத்தால் வாடகையும் படுக்கும், ஆக வியாபாரத்தின் ஆபத்தில் கொடுத்தவர் பங்காளி. அந்த மாறும் வாடகை இன்றைய மதிப்புக் கணக்கிலும் சேராது. விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் வாடகை மட்டும் தொடக்க நாளில் உள்ள குறியீட்டின்படி சேரும்.

இரு பக்கமும் ஒரே முடிவுக்கு வர வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அந்தச் சண்டைதான் வரும். வர வேண்டியதில்லை. வட்டி விகிதம் வேறாக இருப்பது ஒரு காரணம், கேரண்டி இன்னொன்று. உங்கள் இயந்திரத்தின் எச்ச மதிப்பு 1,45,300க்கு எடுத்தவரோடு சம்பந்தமில்லாத ஒரு மூன்றாம் நபர், ஒரு காப்பீட்டு நிறுவனம் என்று வையுங்கள், கொடுத்தவருக்குக் கேரண்டி கொடுத்துவிட்டால், கொடுத்தவருக்கு ஒரு காசுகூட ஆபத்து இல்லை, அவருடைய கணக்கில் 100 சதவீதம். எடுத்தவருக்கு அந்தக் கேரண்டியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அவருடைய சதவீதம் பழையபடியே. ஏஎஸ் 19இல் கொடுத்தவர் ஃபைனான்ஸ் என்றும் எடுத்தவர் ஆபரேட்டிங் என்றும் எழுதி, இருவரும் சரியாக இருக்க முடியும். அப்போது இயந்திரம் இரண்டு பேர் புத்தகத்திலும் இருக்காது.

வகை மாறினால் கணக்கில் என்ன ஆகிறது என்பதை எண்ணோடு பார்த்தால்தான் ஏன் இவ்வளவு சண்டை என்று புரியும். கொடுத்தவர் ஃபைனான்ஸ் என்று எழுதினால் இயந்திரம் அவர் புத்தகத்திலிருந்து போய்விடும், பதிலுக்கு லீஸ் முதலீடு 10,00,000 என்று வரும், அதில் முதல் வருட வட்டி வருமானம் 1,00,000. வாங்கிய 2,40,000இல் மீதி 1,40,000 அசலில் கழிந்து முதலீடு 8,60,000 ஆகும். ஆபரேட்டிங் என்றால் இயந்திரம் அவரிடமே இருக்கும், வருடம் 2,40,000 வாடகை வருமானம், 1,70,943 தேய்மானம், ஆக வருடா வருடம் 69,057 லாபம். ஐந்து வருடமும் கூட்டினால் இரண்டிலும் அதே 3,45,286தான் வரும், ஒன்றில் முதலில் அதிகம் வந்து பின்னால் குறையும், இன்னொன்றில் சமமாக வரும். எடுத்தவர் பக்கம், ஐஎஃப்ஆர்எஸ் 16லும் அமெரிக்கத் தரத்தின் ஃபைனான்ஸ் லீஸிலும், 10 சதவீதத்தில் முதல் வருடச் செலவு 90,979 வட்டி, 1,81,958 தேய்மானம், மொத்தம் 2,72,937. ஐந்தாம் வருடம் அது 2,03,776 ஆகக் குறைந்துவிடும். அமெரிக்க ஆபரேட்டிங் லீஸில் வருடா வருடம் 2,40,000, ஆனால் கடன் பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும். வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபத்தைப் பார்த்துச் சம்பளமோ போனஸோ கடன் நிபந்தனையோ நிர்ணயித்திருக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் ஆளையே அடித்துவிடும், அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கணக்குப் பிரிவைக் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொல்வேன்.

நிலம் தனிக்கதை. அதற்கு ஆயுள் முடிவே இல்லாததால் ஆயுள் சோதனை வேலை செய்யாது, அதனால் நிலமும் கட்டடமும் சேர்ந்த லீஸில் இரண்டையும் பிரித்துத்தான் வகைப்படுத்த வேண்டும். நிலத்தின் பங்கு அற்பமாக இருந்தால் மட்டும் கட்டடத்தோடு சேர்த்துவிடலாம். நிலம் என்றாலே ஆபரேட்டிங்தான் என்று பழைய ஆட்கள் சொல்வது, உரிமை மாறாத நில லீஸ் பொதுவாக ஆபரேட்டிங் என்று ஐஏஎஸ் 17இல் முன்பு இருந்த வழிகாட்டுதல். 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், 99 வருட லீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி மதிப்புள்ள நிலம், மதிப்பு ஏறாமல் அப்படியே இருந்தால், 99 வருடம் கழித்துத் திரும்பி வருவதன் இன்றைய மதிப்பு 10 சதவீதத்தில் வெறும் 800க்குப் பக்கம். அந்த 800க்காக நிலம் இன்னும் என்னுடையது என்று கொடுத்தவர் சொல்வது பத்திரத்தில் சரி, பொருளாதாரத்தில் சரியில்லை. மதிப்பு வேகமாக ஏறும் என்று எதிர்பார்த்தால் அந்த எண் பெரிதாகும், அதையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏஎஸ் 19 நிலத்தைத் தன் எல்லையிலிருந்தே விலக்கிவிட்டது, அங்கே இந்தக் கேள்வி எழாது.

லீஸுக்கு எடுத்ததை வேறொருவருக்கு லீஸுக்குக் கொடுக்கும் உள்லீஸிலும் ஒரு பொறி உண்டு. கட்டடத்தின் ஆயுள் 40 வருடம், நீங்கள் அதை 5 வருடத்துக்கு எடுத்து நாலரை வருடத்துக்கு வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், ஐஎஃப்ஆர்எஸ் 16இல் 40ஓடு ஒப்பிடக் கூடாது, உங்கள் கையில் இருப்பது 5 வருடப் பயன்பாட்டு உரிமைதான், நாலரை அதில் 90 சதவீதம், ஆகவே ஃபைனான்ஸ் பக்கம். அமெரிக்கத் தரத்தில் கட்டடத்தோடுதான் ஒப்பீடு, அங்கே ஆயுளின்படி பார்த்தால் ஆபரேட்டிங்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கொடுத்தவர் ஐஎஃப்ஆர்எஸ்படி லீஸ் ஒப்பந்தம் செய்த நாளில் ஒருமுறை வகைப்படுத்துவார், அமெரிக்கத் தரத்தில் சொத்து கைக்கு வரும் தொடக்க நாளில். அதன்பின் இயந்திரத்தின் ஆயுள் மதிப்பீடு மாறினாலோ, எச்ச மதிப்பு விழுந்தாலோ, எடுத்தவர் வாடகை கட்டாமல் நின்றாலோ ஐஎஃப்ஆர்எஸில் வகை மாறாது. ஒப்பந்தத்தையே இருவரும் பேசித் திருத்தினால்தான் மறுபடி பார்க்க வேண்டும். முதல் ஒப்பந்தத்திலேயே இருந்த நீட்டிப்பு உரிமையை எடுத்தவர் பயன்படுத்துவது அங்கே திருத்தம் ஆகாது. அமெரிக்கத் தரத்தில் எடுத்தவர் மட்டும், லீஸ் காலம் பற்றிய கணிப்பு மாறினாலும் வகையை மறுபடி சோதிக்க வேண்டும். ஐஎஃப்ஆர்எஸில் எடுத்தவருக்கு வகையே இல்லை, கடன் தொகையைத் திருத்தினால் போதும்.

உங்கள் இயந்திரத்தில் மூன்றாம் வருடக் கடைசியில் இருவரும் புதிதாகப் பேசி இரண்டு வருடம் நீட்டினால், ஆரம்பத்திலேயே 7 வருடம் என்று இருந்திருந்தாலும் அது ஃபைனான்ஸாகவே இருந்திருக்கும், ஆகவே கொடுத்தவருக்கு வகை மாறாது, திருத்திய தொகைகளை நிதிக் கருவிகளுக்கான தரமான ஐஎஃப்ஆர்எஸ் 9இன்படி கையாள வேண்டும். மாறாக, ஐந்து வருடம் வேண்டாம், நான்கோடு முடித்துக்கொள்வோம் என்று அதே நாளில் திருத்தினால், ஆரம்பத்திலேயே நான்கு வருடமாக இருந்திருந்தால் ஆயுளில் 57 சதவீதம், மதிப்பில் 76 சதவீதம், அதாவது ஆபரேட்டிங் ஆகியிருக்கும். அப்போது அன்றிலிருந்து அதைப் புது ஆபரேட்டிங் லீஸாகப் பாவித்து, லீஸ் முதலீட்டில் அன்றைக்கு மிச்சமிருக்கும் 5,36,600 என்ற தொகையிலேயே இயந்திரத்தை மறுபடி புத்தகத்துக்குள் எடுத்து, அங்கிருந்து தேய்மானம் போட ஆரம்பிக்க வேண்டும்.